வெட்டிய மண் அஞ்சு வருஷமா நிக்குது, அப்ப பயமில்லைதானே? – 12 பேர்ச் காணியும் மண்சரிவு அறிக்கையும்

தூரத்துமலை – ஞாயிறு இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடையில் 12 பேர்ச் காணி ஒன்று பார்த்து முற்பணம் கொடுத்திருக்கிறேன். மீதிக்கு ஆறு வாரத் தவணை. காணி உறுதிப் பத்திரமும் நில அளவைப் படமும் சட்டத்தரணி பார்த்தார், பிழை இல்லை. ஆனால் பிரதேச சபையில், முதலில் என்.பி.ஆர்.ஓ. (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) தரும் மண்சரிவு அறிக்கை கொண்டுவாருங்கள், பிறகுதான் வீட்டு வரைபடம் என்கிறார்கள்.

காணி இப்படி: மேற்பக்கம் பழைய தேயிலை, பராமரிப்பு இல்லாமல் காடாகிவிட்டது. விற்கிறவர் 5 வருஷத்துக்கு முன் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) விட்டு மலையைக் குடைந்து, வீட்டுக்கு மட்டம் எடுத்து வைத்திருக்கிறார். பின்பக்க வெட்டு ஏறக்குறைய 14 அடி, நேர்க்குத்து. வெட்டிய மண்ணை முன்னால் தள்ளி முற்றத்தை அகலமாக்கியிருக்கிறார். "அஞ்சு மழைக்காலம் பார்த்த மண் தம்பி, ஒரு கூடைகூட விழல" என்கிறார். நானும் பார்த்தேன். செம்மண், கத்தியால் வெட்டிய கேக் மாதிரி நிற்கிறது.

மீரியபெத்தை மண்சரிவு நடந்த 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலையை மறக்க முடியவில்லை. டித்வா புயலுக்குப் பிறகு அம்மா இந்தக் காணிப் பேச்சை எடுத்தாலே அழுகிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணா, "அறிக்கை ஒரு கடதாசி, யாரையாவது பிடித்து எடு" என்கிறார். எனக்கு அப்படி எடுக்க மனமில்லை. மீதிப் பணம் கட்டுவதற்கு முன் நான் என்ன பார்க்க வேண்டும்?

---

கருங்கல்பாஸ் – ஞாயிறு இரவு 9.15

தம்பி, 26 வருஷமா சுவர் கட்டுற வேலைதான். 14 அடி வெட்டு இந்தப் பக்கம் சாதாரணம். நல்ல கொங்கிறீட் சுவர் ஒண்ணு அடிச்சா முடிஞ்சுது. கம்பி குறைக்காதீங்க, அவ்வளவுதான். காணி விலை சரின்னா விடாதீங்க.

---

ஊவாமண் – ஞாயிறு இரவு 10.50

மண் பரிசோதனை வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "அஞ்சு வருஷம்". கடற்கரையில் பிள்ளைகள் ஈர மணலில் கோட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவர் நேராக நிற்கும். மணல் மணிகளுக்கு இடையில் இருக்கும் கொஞ்ச ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அதே கோட்டையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அந்த இழுவிசை இல்லாமல் போகிறது, சுவர் உட்கார்ந்துவிடும். உங்கள் செம்மண் வெட்டும் அதே விசையைக் கடனாக வாங்கித்தான் நிற்கிறது. சாதாரண மழை மேலே ஓரிரு அடி நனைத்துவிட்டுப் போய்விடும். ஐந்தாறு நாள் தொடர்ந்து நனைந்து, அதன்மேல் ஒரே இரவில் கொட்டினால் ஈரம் ஆழமாக இறங்கும். அப்படி ஒரு மழை அந்த வெட்டுக்கு மேல் இன்னும் பெய்யவில்லை என்பதைத்தான் அந்த ஐந்து வருஷம் சொல்கிறது.

இன்னொன்று. பாறை உக்கி உண்டான செம்மண்ணில், பழைய பாறையின் வெடிப்புக் கோடுகள் அப்படியே இருக்கும். வெட்டு முகத்தில் கறுப்பாக, வழுக்கலாக, உங்கள் பக்கம் சாய்ந்தபடி கோடுகள் தெரிந்தால் படம் எடுத்துப் போடுங்கள். மண் அந்தக் கோட்டில்தான் கழன்று வரும்.

அடுத்தது வரைபடம். மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பா மஞ்சளா என்று யாராவது சொல்வார்கள். 1:10,000 வரைபடத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது தரையில் 100 மீற்றர். 12 பேர்ச் ஏறக்குறைய 300 சதுர மீற்றர், அதாவது 17 மீற்றருக்கு 17 மீற்றர். வரைபடத்தில் அது 2 மில்லிமீற்றர்கூட இல்லை. மலையின் குணத்தை வரைபடம் சொல்லும், உங்கள் வீட்டின் பின்சுவரைப் பற்றி எதுவும் சொல்லாது. உத்தியோகத்தர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது அதனால்தான்.

அந்த வரைபடம் செய்யும்போது ஆறு விஷயங்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். சரிவின் கோணத்துக்கு 25, பாறையும் அதன் அமைப்பும் 20, நீரோட்டமும் வடிகாலும் 20, நிலப் பயன்பாடு 15, மேல் மண்ணும் அதன் தடிப்பும் 10, நில உருவம் 10. இதில் பாறை தவிர மற்றவற்றை நீங்களே ஓரளவு பார்க்கலாம்.

சரிவு: தொலைபேசியில் கோணம் அளக்கும் செயலி உண்டு. நீளமான பலகையைச் சரிவில் வைத்து அதன்மேல் தொலைபேசியை வையுங்கள். பெக்கோ வெட்டிய முகத்தில் வைக்காதீர்கள், அதற்கு மேலே இயற்கையாக உள்ள சரிவில் வையுங்கள். 31 பாகை வந்தால் நின்று யோசியுங்கள். 10 அடி கிடையாகப் போக 6 அடி ஏறுகிறது என்று அர்த்தம்.

மண்: வெட்டு முகத்தில் சின்னதும் பெரியதுமாகக் கற்கள் ஒழுங்கில்லாமல் மண்ணோடு கலந்து கிடக்கின்றனவா? அப்படியென்றால் அது அந்த இடத்திலேயே உக்கிய மண் அல்ல. எப்போதோ மேலிருந்து சரிந்து வந்து படிந்தது. ஒருமுறை வந்த வழியாகத்தான் மறுபடியும் வரப் பார்க்கும்.

உருவம்: எதிர் மலையில் நின்று உங்கள் மலையைப் பாருங்கள். காணிக்கு மேலே மலை கிண்ணம் மாதிரி உள்வாங்கி இருக்கிறதா, முதுகு மாதிரி புடைத்து இருக்கிறதா? கிண்ணம் என்றால் மழைநீர் எல்லாம் அங்கேதான் சேரும். காணியைவிட இதை முதலில் பாருங்கள் என்று வேலையில் இருந்த காலம் முழுவதும் சொல்லி வந்தேன். எல்லோரும் எல்லைக்கல்லுக்குள் நின்றுதான் பார்க்கிறார்கள். மேலே குறைந்தது 100 மீற்றராவது நடந்து ஏறுங்கள். மரங்களின் அடி வளைந்து, நுனி நேராக இருக்கிறதா? தேயிலை வரிசை ஓரிடத்தில் படி இறங்கினாற்போல் விலகியிருக்கிறதா? பிறை வடிவத்தில் வெடிப்பு இருக்கிறதா?

தண்ணீர்: மழை விட்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். அப்போதும் வெட்டின் அடியில் கசிந்தால் உள்ளே நீர்மட்டம் உயரத்தில் இருக்கிறது. தோட்டத்தின் பழைய கான்கள் (வடிகால்கள்) எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். கைவிட்ட தேயிலையில் கான் தூர்ந்துபோயிருக்கும், அந்தத் தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள் இறங்குகிறது.

கருங்கல்பாஸ் சொன்ன சுவர் பற்றி நாளை எழுதுகிறேன். அவர் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் "சுவர் அடிச்சா முடிஞ்சுது" என்பதை ஏற்க முடியாது.

---

கோட்டுப்படம் – திங்கள் காலை 7.20

நான் வீட்டு வரைபடம் வரைபவன். நடைமுறையை மட்டும் சொல்கிறேன். 2011 சுற்றறிக்கைக்குப் பிறகு, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் உள்ளூராட்சி சபை கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று 10 மாவட்டங்களில் தொடங்கியது.

விண்ணப்பத்தோடு உறுதிப் பிரதி, நில அளவைப் படம், கட்ட நினைக்கும் வீட்டின் வரைபடம், இடத்துக்கு வரும் வழி. பிறகு உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். முடிவு மூன்றில் ஒன்றாக வரும்: கட்டலாம், நிபந்தனையோடு கட்டலாம், கட்ட வேண்டாம். அனுமதி தருவது பிரதேச சபை. அறிக்கை அதற்கான பரிந்துரை.

பெரும்பாலும் வருவது நிபந்தனையோடுதான். அந்த நிபந்தனைப் பக்கத்தைப் பலர் வாசிப்பதே இல்லை. சபையில் கொடுத்து அனுமதி எடுத்ததும் அறிக்கை அலுமாரிக்குள் போய்விடுகிறது, கட்டும் பாஸ் (கொத்தனார்) கையில் கொடுப்பதில்லை. நான் இப்போது நிபந்தனைகளைத் தமிழில் எழுதி வரைபடத்தின் ஓரத்திலேயே ஒட்டிக் கொடுக்கிறேன்.

ஒன்று கட்டாயம் கேளுங்கள். உங்கள் வரைபடத்தில் 14 அடி வெட்டு குறுக்குவெட்டு முகமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும், காணியின் எல்லைக்கு மேலே உள்ள சரிவும் சேர்த்து. தரை மட்டமாக இருப்பதுபோல் வரைந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுத்த அறிக்கை, இல்லாத ஒரு காணிக்கு எடுத்த அறிக்கை. உங்கள் அண்ணாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

---

தூரத்துமலை – திங்கள் இரவு 7.05

ஐயா, மிக்க நன்றி. இன்று அரை நாள் லீவு போட்டு ஏறிப் பார்த்தேன். மேல் சரிவு 33, 34 பாகை. வெட்டில் கற்கள் கலந்துதான் இருக்கின்றன. நான் இதுவரை அதை உறுதியான மண் என்று நினைத்திருந்தேன். கான் ஒன்று காணிக்கு நேர் மேலே வந்து புல்லுக்குள் மறைந்துபோகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசி மழை போன வியாழன். வெட்டின் இடது மூலை இன்னும் ஈரம்.

பக்கத்து வீட்டுச் சுவரில் வெடிப்பு இருக்கிறது. கேட்டால், "அது உமா ஓயா வெடிப்பு" என்கிறார்கள். அப்படி இருக்கலாமா?

---

ஊவாமண் – திங்கள் இரவு 9.30

இருக்கலாம், அதனால்தான் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உமா ஓயாச் சுரங்க வேலையின்போது பண்டாரவளைப் பக்கம் நிலத்தடி நீர் இறங்கி, கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்தது எல்லோருக்கும் தெரியும். அது தரை கீழே அமர்வதால் வரும் வெடிப்பு. மண் சரிவதால் வரும் வெடிப்பில் நகர்வுக்கு ஒரு திசை இருக்கும். மலைப்பக்கச் சுவர் ஒரு பக்கம், பள்ளத்துப்பக்கச் சுவர் ஒரு பக்கம் என்று வீடு இழுபடும். வெடிப்பு வீட்டோடு நிற்காமல் முற்றம், படிக்கட்டு, கான் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கடந்துபோகும். கதவுகள் மழைக்காலத்தில் மட்டும் இறுகும், வேலிக்கம்பி சாயும். பக்கத்து வீட்டு முற்றத்தில் அந்த வெடிப்பின் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சுவர். 14 அடி என்றால் 4.27 மீற்றர். சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்து வெளியேற வழியில்லாமல் நின்றால், தண்ணீர் மட்டும் ஒவ்வொரு மீற்றர் நீளச் சுவரையும் 9 தொன் அளவுக்குத் தள்ளும். உங்கள் வீட்டின் பின்பக்கம் 12 மீற்றர் நீளமென்றால் 100 தொன்னுக்கு மேல். மண்ணின் தள்ளுவிசை அதற்கு மேலதிகம். வடிகால் இல்லாத கொங்கிறீட் சுவர் அந்தத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் அணை.

அதையும் சரியாகக் கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுவர் பிடிப்பது அதன் பின்னால் உள்ள மண்ணை மட்டும். 80 மீற்றர் மேலே கிண்ணம் போன்ற இடத்தில் தொடங்கி, மரமும் கல்லும் சேறுமாக வருவதை வீட்டுச் சுவர் எதுவும் நிறுத்தாது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை அப்படித்தான் கீழே வந்தது.

முன்பக்கம் தள்ளிய மண்ணையும் மறக்காதீர்கள். வீட்டின் பின்பாதி வெட்டிய இறுக்கமான தரையிலும் முன்பாதி தளர்ந்த மண்ணிலும் நின்றால், மலை அசையாவிட்டாலும் வீடு நடுவில் வெடிக்கும். செப்டிக் டேங்கின் ஊறுகுழியையும் கொண்டுபோய் அந்த மண்ணிலேயே தோண்டுவார்கள். வருஷம் முழுவதும் சரிவுக்குத் தண்ணீர் ஊட்டுவது மாதிரி.

---

கருங்கல்பாஸ் – செவ்வாய் காலை 6.10

ஐயா சொன்ன கணக்கை ராத்திரி முழுக்க யோசிச்சேன். 9 தொன்னுன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. ஆனா பாத்திருக்கேன். சில வருஷத்துக்கு முந்தி நான் கட்டின ஒரு சுவர், 11 அடி, வயிறு தள்ளி வந்துச்சு. வீட்டுக்காரர் காசு மிச்சம் பிடிக்க பின்னால ஜல்லி போட விடல, வெட்டுன மண்ணையே போட்டு மூடச் சொன்னாரு. துளைக்கு வச்ச பைப் எல்லாம் ஒரே மாசத்துல மண் அடைச்சிருச்சு. கம்பி நல்லாத்தான் இருந்துச்சு. நான் அப்ப கம்பியத்தான் குறை சொல்லிட்டிருந்தேன். முதல்ல எழுதினத வாபஸ் வாங்குறேன் தம்பி.

இப்ப எப்படிக் கட்டுறேன்னா: உயரம் 5 அடிக்கு மேல ஒரே சுவரா எடுக்கிறதில்ல, படிப்படியா, நடுவுல இடம் விட்டு. சுவருக்குப் பின்னால ஒரு அடி அகலத்துக்குக் கல்லும் ஜல்லியும், அதுக்கும் மண்ணுக்கும் நடுவுல வடிகட்டுற துணி. அடியில துளை போட்ட பைப், அது கானுக்குப் போகணும். முகத்துல துளைங்க பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி. முடிஞ்ச இடத்துல கம்பிக்கூட்டுல கல் அடுக்குறதுதான் எனக்குப் பிடிச்சது. தண்ணி தானா வெளிய வந்துரும், கொஞ்சம் அசைஞ்சாலும் உடையாது. மேல, வெட்டுக்குப் பின்னால சிமெந்து பூசின கான் ஒண்ணு கட்டாயம். அந்தக் கானே வெடிச்சா அதைவிட மோசம் இல்ல, எல்லாத் தண்ணியும் ஒரே இடத்துல உள்ள போகும். வருஷத்துக்கு ரெண்டு தடவை பாக்கணும்.

---

லயம்_ஏழு – செவ்வாய் இரவு 9.45

நான் எழுதலாமா என்று தெரியவில்லை. வாங்குகிற காணியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு வாங்கக் காணி இல்லை. எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அபாயத்தில் என்று கடிதம் வந்து பல வருஷம். வேறு இடத்தில் 7 பேர்ச் தருவோம் என்றார்கள், இன்னும் இடம் காட்டவில்லை. மீரியபெத்தையிலும் முன்பே எச்சரித்தார்கள்தான். எச்சரிக்கை கேட்டவர்கள் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. மலையகத்தில் அறிக்கை "இருக்க வேண்டாம்" என்று சொல்வதோடு முடிகிறது. அதற்குப் பிறகு வரும் கேள்விக்கு எந்தப் படிவமும் இல்லை.

லயத்துக்குப் பின்னால் ஒரு வெடிப்பு. அது கூடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? இந்த வாரம் பீலித் தண்ணீர் (ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்) பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது.

---

ஊவாமண் – செவ்வாய் இரவு 9.58

மகள், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை வாசியுங்கள். தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, உள்ளே மண் கரைந்து நகர்வதன் அடையாளமாக இருக்கலாம். வெடிப்பும் அதோடு சேர்ந்திருக்கிறது. மழை பெய்தால் இன்றிரவே லயத்தில் யாரும் தூங்க வேண்டாம். கிராம சேவகருக்கும், 117க்கும் இப்போதே சொல்லுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். என்ன நேரத்தில் யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள்.

வெடிப்பின் இரண்டு பக்கமும் கம்பி அல்லது மரமுளை ஆழமாக அடித்து, இடைத்தூரத்தைக் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். மூன்று இடத்திலாவது வையுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் இறுக்கி மூடி, மேலே பொலித்தீன் போட்டுக் கல் வையுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. இது நேரம் வாங்கித் தரும், சரிவை நிறுத்தாது.

மழையை அளக்க, பக்கங்கள் நேராக உள்ள ஒரு போத்தலின் கழுத்தை வெட்டி, திறந்தவெளியில் வையுங்கள். அடி தட்டையாக இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் சேர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் புறப்பட ஆயத்தம். 150 என்றால், அல்லது ஒரு மணி நேரத்தில் 75 என்றால், வெளியேற வேண்டும். என்.பி.ஆர்.ஓ. எச்சரிக்கை விடும் அளவுகள் இவைதான். உங்கள் இடத்தில் ஏற்கனவே அசைவு தெரிவதால் 75லேயே போய்விடுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட "இருக்க வேண்டாம்" அறிக்கைகளில் இருந்தவர்கள் பலர் அங்கேயேதான் இருக்கிறார்கள். அது என் மனதை விட்டுப் போகவில்லை.

---

கோட்டுப்படம் – செவ்வாய் இரவு 10.30

அக்கா, பிரதேச செயலாளருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் போக வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். முளை அளவுகளையும் பீலித் தண்ணீரின் படத்தையும் இணைத்தால் "பயமாக இருக்கிறது" என்ற கடிதத்தைவிட அது கனமாக நிற்கும். உள்பெட்டியில் அனுப்புங்கள்.

---

தூரத்துமலை – 19 நாள் கழித்து, ஞாயிறு மாலை 5.20

தாமதத்துக்கு மன்னியுங்கள். உத்தியோகத்தர் வந்தார். ஒரு மணி நேரத்தில் 10 நிமிஷம்தான் காணிக்குள் நின்றார், மீதி நேரம் மேலே. மறைந்துபோன அந்தக் கானைக் கண்டுபிடித்தார். என் வெட்டுக்கு 40 மீற்றர் மேலே ஒரு குழியில் விழுந்து மண்ணுக்குள் போகிறது. அறிக்கை வந்துவிட்டது: அந்த வெட்டை ஒட்டி வீடு கட்ட வேண்டாம். முன்பக்க மண்ணிலும் அத்திவாரம் போட வேண்டாம். இரண்டையும் கழித்தால் 12 பேர்ச்சில் வீட்டுக்கு இடமே இல்லை.

விற்கிறவரிடம் அறிக்கையின் பிரதியைக் கொடுத்தேன். முதலில் கோபப்பட்டார். பிறகு முற்பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். அண்ணா ஒரு வாரம் பேசவில்லை, நேற்றுத்தான் கூப்பிட்டார். இப்போது மலை முதுகில் 9 பேர்ச் ஒன்று பார்த்திருக்கிறோம். சரிவு 12 பாகை, தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. வீதி இல்லை, 200 மீற்றர் நடக்க வேண்டும். அம்மா நடந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். இந்த முறை முற்பணம் கொடுக்கும் முன் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

கருங்கல்பாஸ் அண்ணா, 5 அடிக்குக் குறைந்த வெட்டு ஒன்று தேவைப்படும். நீங்கள் வருவீர்களா?

---

கருங்கல்பாஸ் – ஞாயிறு மாலை 6.02

வாறேன் தம்பி. அறிக்கை வந்ததும் நிபந்தனைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. அதைப் பாத்துட்டுத்தான் விலை சொல்லுவேன்.

---

லயம்_ஏழு – ஞாயிறு இரவு 8.15

கடிதம் கொடுத்தாயிற்று. போன கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டுக் குடும்பம் இப்போது இரவில் பாடசாலை மண்டபத்தில், பகலில் லயத்தில். முளை அளவு எடுப்பது என் மகள்தான், ஒன்பதாம் வகுப்பு. முதலாவது முளை 31.4 சென்ரிமீற்றரில் தொடங்கியது, இன்று 31.9. மற்ற இரண்டிலும் மாற்றமில்லை. நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து இன்று காலை ஆறு மணி வரை போத்தலில் 58 மில்லிமீற்றர். இப்போதும் தூறுகிறது. நாங்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டோம்.